இரண்டையும் நிறுவிய பொறி

அறுபத்தோராம் அகவையில் நான் மீண்டும் மாணவனானேன். அரசு மேனிலைப் பள்ளியில் முப்பத்து மூன்று ஆண்டுகள் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றபின், நெடுஞ்சாலையோரத்துப் பொறியியற் கல்லூரி ஒன்றில் கணினியியல் முதுநிலை வகுப்பில் சேர்ந்தேன். முதுகலைக் கணிதம் படித்தவர்க்கும் அங்கே இடமுண்டு என்னும் விதி எனக்கு உதவிற்று. விண்ணப்பத்தை வாங்கிய எழுத்தர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பையன வரச் சொல்லுங்க சார், அவன் கையெழுத்து வேணும்" என்றார். கையெழுத்திட வேண்டிய பையன் நானே என்று அவர்க்கு விளங்கவைக்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கிய பின்பும் அவர் முகத்தில் ஐயம் நீங்கவில்லை. எனக்கும் அப்போது முழுதாக நீங்கியிருக்கவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

நான் விரும்பி எடுத்த பாடம் தானியங்குத் தருக்கம். மனிதர் தாளில் செய்யும் நிறுவலைக் கணினியைக் கொண்டு செய்விக்கும் துறை அது. நிறுவல் என்றால் இன்னதென்று எனக்குத் தெரியும் என்ற துணிவே அதை எடுக்கச் செய்தது. ஒரு வரியிலிருந்து மறுவரிக்குக் காரணம் சொல்லி நடப்பது. முடிவில் 'எனவே' என்று எழுதி நிற்பது. இதையே நான் ஓசூரிலும் கிருட்டிணகிரியிலும் சுண்ணக்கட்டி தேயத் தேயச் செய்துவந்தேன்.

இப்பாடத்தின் வழக்கமோ தலைகீழாயிருந்தது. வகுப்பில் எல்லோரும் சால்வர் என்று சொன்ன அந்த நிரலை நான் என் குறிப்பேட்டில் தருக்கப்பொறி என்று எழுதிக்கொண்டேன். அதனிடம் ஒரு கூற்று மெய்யா என்று நேரே கேட்பதில்லை. முதலில் நாம் ஒப்புக்கொண்ட விதிகளைத் தர வேண்டும். பிறகு நம் கூற்றின் மறுப்பைத் தர வேண்டும். இவையெல்லாம் ஒருங்கே நடக்கும் நிலை ஏதேனும் உண்டா என்று பொறி தேடும். உண்டெனில் 'இயலும்' என்று சொல்லி அந்நிலையை வரிவரியாகக் காட்டும். இல்லையெனில் 'இயலாது' என்று ஒரே சொல்லில் நின்றுவிடும். அவ்வாறு நின்றால் நம் கூற்று வென்றது என்று பொருள். மகிழ வேண்டிய இடத்தில் 'இயலாது' என்று படிப்பதற்கு என் மனம் நெடுநாள் பழகவில்லை. முதல் உட்தேர்வில் அச்சொல்லைத் தோல்வி என்று கொண்டு, கூற்று ஏன் பொய்யாயிற்று என்று ஒன்றரைப் பக்கம் விளக்கம் எழுதிவிட்டேன்.

பாடம் நடத்திய பேராசிரியை என் மூத்த மகளினும் இளையவர், நெல்லைப் பக்கத்தவர். நான் அவரை அம்மா என்பேன். அவர் என்னைச் சார் என்பார். விடைத்தாளைத் திருப்பித் தந்தபோது அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டதை நான் கண்டேன்.

"நீங்க அதுகிட்ட கேள்வி கேக்கல சார். அதுக்குப் பாடம் நடத்துதீங்க."

"காரணம் சொல்லாத விடையை நான் எப்படியம்மா நம்புவது?"

"நம்பாதீங்க. ஆனா மார்க்கு வேணும்லா?"

மூன்றாம் பருவத்தில் ஆய்வுத்திட்டம் செய்ய வேண்டும். நூலில் உள்ளதையே மறுபடி செய்யாமல் மெய்யான ஒரு பொருளை எடுக்கச் சொன்னார் பேராசிரியை. ஓசூர்த் தொழிற்பேட்டையின் பின்தெரு ஒன்றில், வண்டிக் கதவுகளுக்கு வேண்டிய தகட்டுப் பிடிகளைச் செய்துதரும் சிறிய பட்டறை இருந்தது. அதன் உரிமையாளர் கல்லூரியில் நடந்த கூட்டமொன்றில் எனக்கு அறிமுகமானவர். ஐம்பது அகவையிருக்கும், தம் கையாலேயே பொறிகளைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர், சொன்ன சொல் மாறாதவர் என்று பெயரெடுத்தவர்.

அங்கே நான்கு பிரஸ்கள் இருந்தன. அழுத்துப்பொறி என்று நான் சொல்லிப் பார்த்தேன். ஒருவர்க்கும் விளங்கவில்லையாதலால் பிரஸ் என்பதற்கே பணிந்தேன். கனத்த இரும்புத் தலை ஒன்று மேலே நிற்கும். பணியாளர் தகட்டுத் துண்டைக் கீழே வைத்து, முன்புறக் கதவை மூடி, காலால் மிதியை அழுத்துவார். தலை இறங்கித் தகட்டை வளைத்துவிட்டு ஏறும். சில வேளை துண்டு உள்ளே சிக்கிக்கொள்ளும். அப்போது கதவைத் திறந்து கையை விட்டு எடுக்க வேண்டும். அதற்கு முன் சாணுக்கு மேல் உயரமுள்ள இரும்புத் தூண் ஒன்றைத் தலைக்கடியில் நிறுத்துவார்கள். அதை முட்டு என்பார்கள். முட்டு நிற்கும்வரை தலை இறங்காது. எடுத்து முடிந்ததும் முட்டினை வெளியே எடுத்துவிட்டுப் பழையபடி தொடங்குவார்கள்.

உரிமையாளர் அண்மையில் பிரஸ்களுக்கு மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி பொருத்தியிருந்தார். இனி முட்டு தேவையா என்பதே அவர் கேள்வி.

"ஒவ்வொரு வாட்டியும் முட்டு வச்சி, முட்டு எடுத்து, பாதி நேரம் அதுலயே போவுது சார். பொட்டி வந்தப்புறம் அது வேணுமா வேணாமா? உங்க கம்ப்யூட்டரு வேணாம்னு சொல்லிடுச்சின்னா எடுத்துடலாம்."

நான் கற்றது ஒருவர்க்குப் பயன்படப் போகிறது என்ற பெருமிதம் என்னைப் பற்றிக்கொண்டது. மூன்றாம் பிரஸ்ஸில் வேலை செய்த அம்மையார் அப்பேச்சை நின்று கேட்டார். பதினான்கு ஆண்டுகளாக அதே பிரஸ்ஸில் இருப்பவர். வீட்டில் தெலுங்கு, பட்டறையில் தமிழ், பக்கத்துப் பிரஸ்காரியிடம் கன்னடம் என்று மூன்றும் பேசுபவர். சிக்கிய துண்டை எடுக்க உள்ளே போவது அவர் கைதான்.

விதிகளைத் திரட்டுவதில் நான் குறை வைக்கவில்லை. உரிமையாளர் அறையில் கண்ணாடித்தாள் ஒட்டிய பலகையில் பதினாறு விதிகள் இருந்தன, அவற்றை எழுதிக்கொண்டேன். பிறகு ஒரு வாரம் பட்டறைக்குள் முக்காலி போட்டு உட்கார்ந்து, பணியாளர் செய்வதையும் சொல்வதையும் கேட்டு ஏழு விதிகள் குறித்தேன். ஆக இருபத்து மூன்று. சொன்னவர் அனைவரும் மெய் சொல்பவர். எனவே இருபத்து மூன்றும் மெய். அனைத்தையும் தருக்கப்பொறியின் மொழியில் பெயர்த்தேன். 'முட்டு இல்லாதபோது, கை உள்ளே இருக்கையில், தலை இறங்கும் நிலை உண்டா?' என்று கேட்டேன்.

கண்ணிமைக்கும் நேரத்தில் விடை வந்தது. இயலாது.

மகிழ்ச்சியில் நான் ஒரு பிழை செய்தேன். பேராசிரியையிடம் காட்டுவதற்கு முன், அன்று மாலையே உரிமையாளரைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லிவிட்டேன். 'கணிதப்படி நிறுவப்பட்டது' என்ற சொற்றொடரையும் பயன்படுத்தினேன்.

"அப்ப திங்கக்கிழமையில இருந்து முட்ட எடுத்துடறேன் சார்" என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை காலை பேராசிரியை என் மடிக்கணினியைப் பார்த்தார். அவர் முகம் மலரவில்லை.

"இவ்ளோ சீக்கிரமாவா சொல்லுது?"

"விரைவு நன்மைதானே அம்மா?"

"இப்ப மாத்திக் கேளுங்க. கை உள்ள இருக்கும்போது தலை இறங்காம இருக்கிற நிலை உண்டான்னு."

கேட்டேன். இயலாது.

கை உள்ளே இருக்கையில் தலை இறங்குவதும் இயலாது, இறங்காமலிருப்பதும் இயலாது என்றால் அது என்ன பிரஸ்? நான் எழுத்துப்பிழை இருக்குமென்று வரிவரியாகப் படித்தேன். பிழை இல்லை. பேராசிரியை என் கேள்வியை முழுதும் அழித்துவிட்டு, வெறும் விதிகளை மட்டும் தந்து, இவற்றின்படி பிரஸ் இருக்கக்கூடிய ஒரே ஒரு நிலையாவது உண்டா என்று கேட்கச் செய்தார். அதற்கும் இயலாது.

"உங்க விதி ஒண்ணுக்கொண்ணு முரண்படுது சார். முரண்பட்ட விதிய வச்சுக்கிட்டு எத வேணாலும் நிறுவலாம். நாளைக்கு மழை பெய்யும்னு கேளுங்க, அதையும் நிறுவும்."

இது எனக்குத் தெரியாததன்று. முரண்பட்ட கருத்துகளிலிருந்து எதுவும் பெறப்படும் என்பதைப் பதினோராம் வகுப்பில் ஒரு வேடிக்கையாகவே நான் ஆண்டுதோறும் சொல்லிவந்தேன். பிள்ளைகள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அந்த வேடிக்கை ஒரு நாள் என் வாய்ச்சொல்லாகவே பட்டறையொன்றுக்குள் போய்ச் சேரும் என்று எண்ணியதேயில்லை.

எந்த விதிகள் மோதுகின்றன என்று பொறியைக் கேட்டோம். நான்கைக் காட்டிற்று. பலகையிலிருந்து எடுத்த ஐந்தாம் விதி: கதவு திறந்தால் மின்சாரம் நின்றுவிடும். பணியாளர் சொன்ன பத்தொன்பதாம் விதி: சிக்கிய துண்டை எடுக்கையில் மின்சாரத்தை நிறுத்துவதில்லை. இருபத்தொன்று: துண்டை எடுக்கையில் கதவு திறந்திருக்கும். இருபத்து மூன்று: ஒவ்வொரு ஷிப்டிலும் ஒரு முறையேனும் துண்டு சிக்கும். ஒவ்வொன்றும் தனியே பார்த்தால் குற்றமற்றது. நான்கும் சேர்ந்தால் உலகில் அப்படியொரு பிரஸ் இருக்க முடியாது. ஆனால் பிரஸ் இருந்தது. நாள்தோறும் ஆயிரக்கணக்கில் தகட்டுப் பிடிகளை வளைத்துத் தந்துகொண்டுமிருந்தது.

"இதில் எதை நீக்குவது அம்மா?"

"அத நான் எப்படிச் சொல்ல முடியும்? பொறியும் சொல்லாது. எது நெசம்னு நேர்ல போய்க் கேளுங்க."

அன்று பகல் முழுதும் நூலகத்தில் அமர்ந்து இரண்டு வழியிலும் செய்து பார்த்தேன். பணியாளர் விதிகளை நீக்கினால் பிரஸ் பாதுகாப்பானது என்று நிறுவல் கிடைத்தது. பலகை விதியை நீக்கினால் கை நசுங்கும் என்று சான்று கிடைத்தது. எந்த வரியை அழிக்கிறேன் என்பதைப் பொறுத்து விடை மாறிற்று. முப்பத்து மூன்று ஆண்டுகளில் ஒரு தேற்றமும் என் விருப்பத்தை இவ்வாறு கேட்டு நின்றதில்லை. திங்கட்கிழமை வந்துகொண்டிருந்தது, அது மட்டும் தெளிவாயிருந்தது.

சனிக்கிழமை காலை பேருந்தேறி ஓசூருக்குப் போனேன். பட்டறைக்குள் நுழைந்ததும் மூன்றாம் பிரஸ் அம்மையார்தான் முதலில் கண்டார்.

"வாங்க சார். முட்டு வேணாம்னு நீங்கதான் எழுதிக் குடுத்தீங்களாமே. எங்க கையில உங்களுக்கு என்னா கோவம்?"

பக்கத்துப் பிரஸ்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"அது பற்றித்தான் கேட்க வந்தேன், அம்மா. கதவைத் திறந்தால் மின்சாரம் நின்றுவிடும் என்று பலகையில் எழுதியிருக்கிறதே. அது மெய்யா?"

"மெய்தான்."

"துண்டை எடுக்கையில் மின்சாரம் நிற்காது என்றீர்களே. அது?"

"அதுவும் மெய்தான்."

"இரண்டும் எப்படியம்மா மெய்யாகும்?"

அவர் என்னைக் கையால் அழைத்துக் கதவின் மேல்மூலையைக் காட்டினார். அங்கே விரலளவு விசை ஒன்று இருந்தது. கதவு திறந்ததை அறிந்து மின்சாரத்தை நிறுத்துவது அதன் வேலை. அது அழுந்திய நிலையிலேயே இருக்குமாறு மெல்லிய ஒயரால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கதவு திறந்தாலும் மூடியிருப்பதாகவே பெட்டி எண்ணிக்கொள்ளும்.

"கரண்டு நின்னுச்சின்னா பொட்டி திரும்பி வர அஞ்சி நிமிசம் ஆவும் சார். அதான் கட்டி வச்சிக்கினு ஓட்டறோம். பலகையில இருக்கறது ஆடிட்டு வர்ற நாளுக்கு. அன்னிக்கு ஒயரை அவுத்துடுவோம், தலையில தொப்பி போட்டுக்குவோம், சிக்கினா கரண்ட நிறுத்திட்டு நிப்போம். அன்னிக்குப் பீசு பாதிதான் வரும்."

"மற்ற நாட்களில்?"

"மத்த நாளு மத்த நாளுதான். முட்டு இருக்குதில்ல, அந்த தைரியத்துல கைய உடுறோம்."

ஆடிட்டு என்று அவர் சொன்னது, பொருள் வாங்கும் பெரிய நிறுவனத்தார் ஆண்டில் சில முறை வந்து பட்டறையைப் பார்வையிடும் நாள். ஒருவரும் என்னிடம் பொய் சொல்லவில்லை. பலகை அந்நாளைச் சொல்லிற்று. பணியாளர் எஞ்சிய நாட்களைச் சொன்னார்கள். ஒயர் கட்டியிருக்கும் நாளில், திறந்த கதவுக்கும் ஓடும் மின்சாரத்துக்கும் நடுவே அம்மையார் கையைக் காப்பது முட்டு ஒன்றுதான். அதைத்தான் நான் எடுக்கச் சொல்லியிருந்தேன்.

உரிமையாளர் அறைக்குப் போய், என் நிறுவலைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னேன். அவர் தேநீர் வரவழைத்தார்.

"கணக்குப்படி ப்ரூவ் ஆயிடுச்சின்னீங்களே சார். இப்ப கம்ப்யூட்டரு தப்புங்கறீங்களா?"

"கணினி தவறவில்லை. நான் கொடுத்த விதிகள் தவறு."

"விதி எல்லாம் நாங்க குடுத்ததுதான. அதுல எது பொய்யி? சொல்லுங்க."

எதுவும் பொய்யில்லை என்றேன். பொய்யில்லையென்றால் நிறுவல் எப்படிக் கெடும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. முரண்பாட்டிலிருந்து எதுவும் பெறப்படும் என்று பள்ளியில் சொன்ன அதே உதாரணங்களைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். எனக்கே என் விளக்கம் குழப்பமாயிருந்தது.

"மின்சாரம் ஒரே நேரத்தில் ஓடியும் நின்றும் இருக்க முடியாதல்லவா?" என்று முடித்தேன்.

"ஒரே நேரத்துல யாரு சார் சொன்னா? அது வேற நாளு, இது வேற நாளு."

நான் தேநீரைக் கீழே வைத்தேன். அவர் சொன்னதுதான் சரியான தருக்கம். என் இருபத்து மூன்று விதிகளில் நாள் என்ற ஒன்றே இல்லை. எல்லா விதியும் எக்காலத்துக்கும் பொருந்தும் என்று, கணித ஆசிரியனுக்கேயுரிய பழக்கத்தால், நான் கேளாமலே எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் மேசையிலேயே மடிக்கணினியைத் திறந்து, ஒவ்வொரு விதிக்கும் முன்னால் அது எந்நாளுக்கு உரியது என்று சேர்த்தேன். எனக்கு ஐயம் வந்த இடங்களில் அவரே சொன்னார். "இது ஆடிட்டு. இது மத்த நாளு. இது ரெண்டுக்கும்." அரை மணி நேரத்தில் முடிந்தது. முட்டு இல்லாமல் கை நசுங்கும் நிலை உண்டா என்று மீண்டும் கேட்டேன்.

இயலும் என்று வந்தது. அதன்கீழ் ஆறு வரிகள். அவர் திரையைத் தம் பக்கம் திருப்பி, விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். நாள்: ஆடிட்டு அன்று. அவர் நிமிர்ந்தார்.

"ஆடிட்டு அன்னிக்கா? அன்னிக்குத்தான் எல்லாம் சரியா செய்றோமே."

'அன்று' என்று நான் எழுதியது 'அல்ல' என்னும் பொருளில் என்று விளக்கி, அவ்வரியை 'மற்ற நாள்' என்று மாற்றிக் காட்டினேன். செந்தமிழில் எழுதி இன்னொரு குழப்பத்தை விளைவித்தமைக்கு வருந்தினேன். அவர் தொடர்ந்து படித்தார். கதவு: திறந்தது. மின்சாரம்: உண்டு. முட்டு: இல்லை. கை: உள்ளே. தலை: கீழே.

கடைசி இரண்டு வரிகளை இரு முறை படித்தார்.

"யாரு கை சார் இது?"

பொறிக்கு அது தெரியாது என்றேன். அவர் சன்னல் வழியே பட்டறையைப் பார்த்தார். அங்கே மூன்றாம் பிரஸ்ஸின் தலை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"சரி சார். முட்டு இருக்கட்டும்."

வெளியே வந்து அம்மையாரிடம் சொன்னேன். முட்டு நீங்காது என்றதும் அவர் தலையை மட்டும் அசைத்தார். "இதுக்கா பஸ் ஏறி வந்தீங்க? போன்லயே சொல்லியிருக்கலாமில்ல" என்றார். தொலைபேசியில் சொன்னதால் வந்த வினைதான் இது என்று நான் விளக்கவில்லை.

பேருந்து சூளகிரியைத் தாண்டிய பின்தான் எனக்கு உறைத்தது. முட்டினைப் பற்றியே பேசினேன். ஒயரை அவிழ்க்கச் சொல்லவில்லை. கண்ணால் கண்டும், விதியாக எழுதிக்கொண்டும், அது அவிழ்க்கத்தக்க பொருள் என்று எனக்குத் தோன்றவேயில்லை. கொடுக்கப்பட்டவற்றைக் கொடுக்கப்பட்டவையாகவே கொள்வது நான் மாணவர்க்குச் சொல்லித்தந்த ஒழுக்கம். உடனே உரிமையாளரை அழைத்து, ஒயரை அவிழ்த்துவிடுங்கள் என்றேன்.

"ஒயர அவுத்துட்டா கதவு திறந்ததும் கரண்டு நின்னுடும். அப்ப முட்டு வேணாம்ல சார்?"

தருக்கத்தின்படி அவர் சொல்வதே சரி. ஒயர் இல்லாத நாளில் முட்டு இல்லாமலும் பிரஸ் பாதுகாப்பானது என்று பொறி நிறுவியே தீரும். நூலகத்தில் நானே அதைச் செய்து பார்த்திருந்தேன். ஆனால் விசை பழுதாகலாம். அவிழ்த்த ஒயரை அவசரத்தில் யாரேனும் மறுபடி கட்டலாம். இவற்றுக்கு என்னிடம் விதி ஏதும் இல்லை. எத்தனை விதி எழுதினால் போதும் என்றும் தெரியவில்லை.

"இரண்டும் வேண்டும். ஒயரையும் அவிழுங்கள், முட்டினையும் வையுங்கள்."

"இது கம்ப்யூட்டரு சொல்றதா, நீங்க சொல்றதா?"

"நான் சொல்வது."

பட்டறை இரைச்சலுக்கு மேலாக அவர் குரலை உயர்த்தினார்.

"காரணம்?"

காரணம் சொல்ல முயன்று, பாதியில் நிறுத்தினேன். ஒரு நிறுவலும் கைவசம் இல்லாமல் ஒன்றை வற்புறுத்துவது எனக்கு அதுவே முதல் முறை.

"காரணம் இன்னும் எழுதவில்லை. எழுதும்வரை எடுக்காதீர்கள்."

"சரி சார்" என்றார். "நீங்க மெதுவாவே எழுதுங்க."